பெரட்டில் கூப்பிடாத பெயர்

குணாளனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, இரவல் வாங்கிய பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்திருந்த காலையில், தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி முகுந்தன் வந்து வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். இறங்கவில்லை. எஞ்சினையும் அணைக்கவில்லை. புஷ்பவள்ளி ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஆண்ட்டி, கம்பெனி கடுதாசி. நான் கொண்டாந்து குடுக்கற ஆளு மட்டுந்தான், என்னைய ஏசாதீங்க."

"ஏச எனக்கு எங்க தெம்பு இருக்கு. வாசிச்சுச் சொல்லு."

"மூணு மாசம் டைம் குடுத்திருக்காங்க. ஜூலை முடியறதுக்குள்ள வீட்டக் காலி பண்ணி, சாவிய ஆபீஸ்ல ஒப்படைக்கணும்."

"இந்த வீட்டுக்கு ஏதுப்பா சாவி? உள்தாப்பா ஒண்ணுதானே இருக்கு."

"அப்படித்தான் எழுதுவாங்க, ஆண்ட்டி," என்றான் முகுந்தன். அவனுக்குச் சிரிப்பு வந்தது. சாவு வீடு என்பது நினைவுக்கு வந்து அதை விழுங்கிக்கொண்டான்.

அந்தத் தோட்டம் பகாவ் டவுனிலிருந்து இருபது கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. இரண்டு பக்கமும் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை. நடுவே லாரி ஓடிப் பள்ளம் விழுந்த செம்மண் சாலை. தொண்ணூற்று மூன்றில் புஷ்பவள்ளி வாழ்க்கைப்பட்டு வந்தபோது அங்கே எண்பது தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. இப்போது ஐந்து. மற்ற வீடுகளில் வங்காளதேசத்து ஆட்கள் வீட்டுக்கு எட்டுப் பேராய் இருக்கிறார்கள். அங்கே வீடு ஆளுக்குச் சொந்தமில்லை, வேலைக்குச் சொந்தம். வேலை போன மாதமே வீடும் போகும். எல்லாருக்கும் இது தெரியும். தெரிந்ததாலேயே யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

குணாளன் குலை வெட்டுகிறவன். அறுபது முடிந்த பிறகும் தோட்டம் அவனை ஒரு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டது. நாற்பதடி மரத்தில், நீளக் கம்பில் கட்டிய அரிவாளால், கீழே நிற்கிறவன் மேல் விழாமல் குலையை இறக்கத் தெரிந்த ஆட்கள் குறைந்துபோயிருந்தார்கள். அறுபத்தொன்றாவது வயதில், ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. வேலை நேரத்தில் செத்திருந்தால் ஏதாவது வந்திருக்கும் என்று துக்கத்துக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். புஷ்பவள்ளி அதைக் கேட்டுக்கொண்டுதான் பிணத்தின் காலடியில் உட்கார்ந்திருந்தாள்.

அவனுடைய சேமநிதிப் பணம் ஐம்பத்தைந்து வயதிலேயே கைக்கு வந்து, கையை விட்டும் போயிருந்தது. பகாவுக்கு வெளியே மலிவு விலை வீடு கட்டுவதாகச் சொன்ன ஒருவரிடம் முன்பணமாகக் கட்டினார்கள். தூண்கள் எழும்பின. பிறகு தூண்களைச் சுற்றி லாலான் புல் எழும்பியது. பஸ்ஸில் போகும்போதெல்லாம் குணாளன் அந்தப் பக்கம் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

மகள் லோகேஸ்வரி நீலாய் நகரத்தில் ஒரு தொழிற்சாலையில் இருந்தாள். மின் தகடுகளில் புள்ளி புள்ளியாக ஈயம் வைக்கிற வேலை. பன்னிரண்டு பெண்கள் தங்கும் ஹாஸ்டலில் ஒரு கட்டில் அவளுடையது. கடிதம் வந்த அன்று சாயங்காலம் போன் செய்தாள்.

"அம்மா, நவம்பர்ல என்னைப் பெர்மனெண்ட் ஆக்குவாங்க. அப்புறம் ஒரு ரூம் எடுத்துரலாம். டெபாசிட் கட்டணும், அதான். இப்ப உங்கள நான் எங்கம்மா வச்சிக்கறது? என் கட்டிலே ரெண்டடி."

"நீ கவலப்படாத. நான் இங்க ஏதாச்சும் பாக்கறேன்."

"என்ன பாப்பீங்க?"

"ஏதாச்சும்னு சொன்னேன்ல."

ஏதாவது என்று அவள் மனதில் வைத்திருந்தது மாரியம்மாவை. அடுத்த வரிசையில் இருந்த மாரியம்மாவுக்குப் புருஷன் செத்து ஆறு வருஷம் ஆகியும் வீடு போகவில்லை. தோட்டத்தில் பத்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த உள்நாட்டு ஆள் என்றால், அறுபது வயது வரைக்கும் நாற்றங்காலில் சின்ன வேலை கொடுத்து வீட்டையும் விட்டுவைப்பார்கள். மாரியம்மா அப்படித்தான் இருந்தாள். புஷ்பவள்ளிக்கு ஐம்பத்திரண்டு. பத்து வருஷம் என்ன, காட்டில் அவள் போட்டது இருபத்துநான்கு வருஷம்.

ஆனால் செக்ரோல் என்கிற சம்பளப் பதிவேட்டில் அவள் பெயர் இல்லை.

அந்தக் கதை தொண்ணூற்றெட்டில் தொடங்கியது. அப்போது அவளும் தனிப் பெயரில் வேலை செய்துகொண்டிருந்தாள். உதிரிப்பழம் பொறுக்குகிற வேலை. குலை தரையில் விழும்போது அதிலிருந்து தெறிக்கும் பழங்களைப் புல்லுக்குள்ளும் மட்டை முள்ளுக்குள்ளும் கைவிட்டுத் தேடிப் பொறுக்கிச் சாக்கில் கட்டவேண்டும். சாக்குக்கு இவ்வளவு என்று கூலி, சொற்பம். குலை வெட்டுகிறவர்களுக்கு வேறு கணக்கு. மாதத்தில் இத்தனை டன்னைத் தாண்டினால் அதற்கு மேல் வெட்டுகிற ஒவ்வொரு டன்னுக்கும் கூடுதல் விலை. ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் வீரமுத்துதான் முதலில் அந்த யோசனையைச் சொன்னார்.

"ஒங்க பேர எடுத்துடுங்க. பொறுக்கற பழத்த அவங்கவங்க புருசன் குலையோட போட்டா டன்னு ஏறும். ஒரே வீட்டுக்குத்தானே வரப்போவுது?"

பதினோரு பெண்கள் பெயரை எடுத்தார்கள். புஷ்பவள்ளி பிறந்த தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள், கையெழுத்து அழகாக இருக்கும். எழுதிக் கொடுத்துவிட்டுச் சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு வந்தாள். அந்த மாதம் மீன் வாங்கினார்கள். மாரியம்மா மட்டும் மாட்டேன் என்றாள். கணக்குத் தெரியாத கழுதை என்று மற்ற பெண்கள் அவளைக் கேலி செய்தார்கள். புஷ்பவள்ளியும் சேர்ந்து சிரித்தவள்தான்.

அதற்குப் பிறகு விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும்போது, அந்தப் பதினோரு பெண்களும் சாலை வளைவில் சைக்கிள்களோடு ஒதுங்கி நிற்பார்கள். கூப்பிட்டு முடிந்ததும் புருஷன்மார் பின்னால் காட்டுக்குள் நுழைவார்கள். மழையில் நுழைந்தார்கள், காய்ச்சலோடு நுழைந்தார்கள். லோகேஸ்வரி வயிற்றில் எட்டு மாதமாக இருந்தபோது புஷ்பவள்ளி குனிய முடியாமல் மண்டியிட்டுப் பொறுக்கினாள். விரல் நுனிகள் கறுத்து, பிறகு வெளுக்கவே இல்லை. எப்போதாவது வெளியிலிருந்து தோட்டத்தைச் சோதிக்க ஆட்கள் வருவார்கள். அதற்கு முந்தின நாள் மண்டோர் வீடு வீடாக வந்து, "நாளைக்குப் பொம்பளைங்க யாரும் காட்டுப் பக்கம் வரக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போவார். அன்று துணி துவைப்பார்கள்.

குணாளன் மூன்று வருஷம் தொடர்ந்து தோட்டத்தின் முதல் வெட்டாளாக வந்தான். ஒரு வருஷம் காற்றாடி கொடுத்தார்கள், ஒரு வருஷம் சோற்றுப் பானை, ஒரு வருஷம் கைக்கடிகாரம். மூன்றாம் வருஷம் படம் எடுத்து ஆபீஸ் சுவரில் மாட்டினார்கள். படத்தில் அவன் மட்டும், கழுத்தில் மாலையோடு, சிரிக்கத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தான்.

புஷ்பவள்ளி மாரியம்மாவிடம் போய் நின்றபோது அவள் கோழிக்குத் தீனி இறைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ மட்டும் எப்படிக்கா பேர எடுக்காம இருந்த? ஒனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சது?"

"என்னாத்த தெரிஞ்சது. என் ஆளு கையில காசு போனா நேரா சம்சுக் கடைக்குப் போயிரும். எம் பேருல வந்தா நாலு காச மறைச்சு வச்சிக்கலாம். அவ்வளவுதான். ஒன் ஆளு நல்ல ஆளு, குடிக்க மாட்டான். நல்ல புருசன் வாய்ச்சதுக்கு ஒனக்கு வந்த கேடுடி இது."

சொல்லிவிட்டு மாரியம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். புஷ்பவள்ளிக்கும் அது சரியென்றுதான் பட்டது.

ஆபீசில் முகுந்தன் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தான். தொண்ணூற்று நான்கிலிருந்து தொண்ணூற்றெட்டு வரை நான்கு வருஷம் இருந்தது. அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

புஷ்பவள்ளி சுவரிலிருந்த படத்தைக் காட்டினாள். "ஒத்த ஆளு வெட்டி, ஒத்த ஆளு பொறுக்கி, இவ்வளவு டன்னு எப்படிப்பா வரும்? நீயே சொல்லு."

"அங்கிள் கெட்டிக்காரருன்னுதானே ஆண்ட்டி படமே மாட்டியிருக்கு?" என்றான் அவன். குத்திப் பேசவேண்டும் என்று சொல்லவில்லை. அவன் வேலைக்கு வந்து நான்கு வருஷம்தான் ஆகிறது. பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்ப இருந்த மண்டோர் யாராச்சும் வந்து சொன்னா மேனேஜர்கிட்ட கேட்டுப் பாக்கலாம்" என்றான்.

வீரமுத்து பகாவில் மகன் வீட்டில் இருந்தார். எழுபத்தைந்து வயது. சர்க்கரையில் ஒரு காலின் இரண்டு விரல்களை எடுத்திருந்தார்கள். புஷ்பவள்ளி பஸ் பிடித்துப் போய், விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் சட்டையைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

"நாந்தானேம்மா எடுக்கச் சொன்னேன். நானே வந்து சொல்றேன்."

"அண்ணே, ஒங்களுக்கு ஏதாச்சும் பிரச்சினை வந்திருமோ?"

"எனக்கு இன்னும் என்ன வரணும்? காலையே பாதி வெட்டிட்டானுங்க." செருப்பைப் போடக் குனிந்தவர் நிமிராமலே பேசினார். "பதினோரு பேரு. மத்த பத்துப் பேரும் தோட்டத்த விட்டுப் போயிட்டாளுங்க, இல்லன்னா செத்துட்டாளுங்க. யாரும் வந்து கேக்கல. நீ ஒருத்திதான் வந்த."

மேனேஜர் வயதில் இளையவர், ஜொகூரிலிருந்து மாற்றலாகி வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. தமிழ் தெரியாது. இருவரையும் உட்காரச் சொன்னார். தண்ணீர் போத்தல் கொடுத்தார். வீரமுத்து அவருடைய தோட்டத்து மலாயில் எல்லாவற்றையும் சொன்னார். பெயரை எடுக்கச் சொன்னது, உதிரிப்பழத்தைக் குலையோடு நிறுத்தது, மேலே இருந்தவர்களுக்கும் அது தெரிந்திருந்தது. எதையும் குறைக்கவில்லை. மேனேஜர் கேட்டு முடித்துவிட்டு பேனாவை மூடி வைத்தார். பிறகு முகுந்தனைப் பார்த்து வேகமாகப் பேசினார்.

முகுந்தன் அதைத் தமிழில் சொல்லத் திரும்பினான். நெற்றியைத் தேய்த்துக்கொண்டான்.

"ஆண்ட்டி, நீங்க சொல்றத அவரு நம்புறாரு. நம்புறதுதான் இப்ப சிக்கல்."

"என்ன சிக்கல்?"

"வெளிநாட்டுல எண்ணெ வாங்கறவங்க ஒரு சட்டம் வச்சிருக்காங்க. பேர் பதியாத பொம்பளைங்கள வேல வாங்கற தோட்டத்து எண்ணெய வாங்க மாட்டாங்க. நல்ல தோட்டம்னு குடுத்த முத்திரைய எடுத்துருவாங்க. நீங்க இருபது வருசம் பேர் இல்லாம வேல செஞ்சீங்கன்னு இவரு எழுத்துல ஒத்துக்கிட்டா, தோட்டத்துக்கே ஆபத்து."

"எதுக்கு அப்படி ஒரு சட்டம்?"

முகுந்தன் தயங்கினான். "பொம்பளைங்கள ஏமாத்தக் கூடாதுன்னு."

வீரமுத்து சத்தமாகச் சிரித்துவிட்டார். அறையில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

புஷ்பவள்ளி கேட்டாள்: "அப்ப அவங்க சோதனைக்கு வந்தப்ப எங்கள வீட்டுல இருக்கச் சொன்னாங்களே, அது?"

முகுந்தன் அதை மேனேஜரிடம் சொல்லவில்லை.

மேனேஜர் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து முகுந்தனிடம் கொடுத்தார். முகுந்தன் முன்பே விஷயத்தைச் சொல்லியிருந்ததால் தலைமை ஆபீசோடு ஏற்கெனவே பேசிவிட்டிருக்கிறார். தாளில் நான்கு வரிதான். தான் குணாளனின் மனைவி, வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவள், இந்தத் தோட்டத்தில் தொண்ணூற்றெட்டுக்குப் பிறகு ஒரு நாளும் வேலை செய்ததில்லை, காட்டுக்குப் போனதெல்லாம் கணவனுக்குச் சாப்பாடு கொண்டுபோகத்தான். இதில் கையெழுத்துப் போட்டால் டிசம்பர் முப்பத்தொன்று வரை வீட்டில் இருக்கலாம். சாமான் ஏற்றிப் போகத் தோட்டத்து லாரியும் தருவார்கள். போடாவிட்டால் ஜூலையோடு சரி.

"நாற்றங்கால் வேல?" என்றாள்.

"அது கிடையாது ஆண்ட்டி. ரெண்டுல எதுன்னாலும் கிடையாது."

வீரமுத்து எழுந்து நின்றார். "போடாதம்மா. சங்கத்துக்குப் போவோம். லேபர் ஆபீசுக்குப் போவோம். நான் எங்க வேணாலும் வந்து சொல்றேன்."

"எவ்வளவு நாளாகும்ண்ணே?"

"ஆகும். வருசம் ஆகும். அதுக்காக?"

"அது வரைக்கும் நான் எங்கண்ணே இருக்கறது?"

வீரமுத்து மறுபடி உட்கார்ந்தார். மகன் வீட்டில் அவரே ஹாலில்தான் படுத்திருந்தார். அதை அவளும் பார்த்திருந்தாள்.

புஷ்பவள்ளி தாளைத் தன் பக்கம் இழுத்தாள். டிசம்பருக்குள் நவம்பர் வந்துவிடும் என்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. லோகேஸ்வரிக்கு நிரந்தரமாகும். ஒரு அறை கிடைக்கும். மற்றதை எண்ணிப் பார்க்க அவள் முயலவில்லை. எண்ணியிருந்தால் பேனாவைப் பிடித்திருக்க முடியாது. சாப்பாடு கொண்டுபோனது என்ற வரியில் மட்டும் விரல் நின்றது. குணாளன் காட்டில் சாப்பிட்டதெல்லாம் அவனே காலையில் கட்டிக்கொண்ட சோறு. அவள் சாக்கு எடுத்து வைப்பதற்குள் அவன் இரண்டு பேருக்குமாகக் கட்டிவிடுவான். அதை இவர்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது.

கையெழுத்துப் போட்டாள்.

மேனேஜர் நன்றி சொன்னார், எழுந்து நின்றே சொன்னார். வீரமுத்துவைப் பஸ் ஏற்றிவிட அவள் சாலைக்குப் போனாள். அவர் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான், கீழே நின்ற அவளிடம், "ஒம் மேல தப்பில்லம்மா" என்றார். அவர் குரலில் கோபம் இருந்தது. அது யார் மேல் என்று அவளுக்குப் புரியவில்லை.

மறுநாள் காவலாளி புதிதாக ஒன்று சொன்னான். காட்டுக்குள் வெளியாள் போகக் கூடாதாம். வரப்போரத்தில் அவள் நட்டிருந்த மரவள்ளியைப் பிடுங்க அவனிடம் கெஞ்சவேண்டியிருந்தது. அவனே போய் நான்கு கிழங்கு பிடுங்கி வந்து தந்தான்.

லோகேஸ்வரிக்கு நவம்பரில் நிரந்தரமாகவில்லை. ஆர்டர் குறைந்துவிட்டது என்று இன்னும் ஆறு மாதம் நீட்டினார்கள். ஆனாலும் டிசம்பர் வந்துவிட்டது. லாரியும் வந்தது. நீலாயில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில், தடுப்புப் பலகை போட்டுப் பிரித்த அறைகளில் ஒன்றை எடுத்தார்கள். இரண்டு பேர் வாழ லோகேஸ்வரியின் சம்பளம் ஒன்றுதான். வாடகை போக மிஞ்சியது மூன்றாவது வாரத்தோடு தீர்ந்தது. இரண்டாம் மாதமே லோகேஸ்வரி தாயை அழைத்துக்கொண்டு ஆள் எடுக்கும் ஏஜென்சிக்குப் போனாள்.

அங்கே மேசையில் இருந்தவர் ஹசீனா பேகம் என்ற நடுவயதுப் பெண்மணி. தமிழ் பேசினார். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"ஐம்பத்திமூணா? ரெண்டு வேல இருக்கும்மா. யூனிவர்சிட்டியில செடி கொடி பாக்கற வேல. அதுக்குத் தோட்டத்துல செஞ்ச ஆளுங்களா கேக்கறாங்க. சம்பளம் நல்லா இருக்கும், சனிக்கிழம அரை நாள். இன்னொண்ணு பாக்டரியில கக்கூசு கழுவறது. அதுக்கு அனுபவம் வேணாம், மொத மூணு மாசம் தினக்கூலி. முன்ன எங்க வேல செஞ்சீங்க?"

"அம்மா எஸ்டேட்ல இருந்தாங்க," என்றாள் லோகேஸ்வரி உற்சாகமாக. "இருபத்துநாலு வருசம் செம்பனைக் காட்டுலதான்…"

புஷ்பவள்ளி மகளின் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். "இல்லம்மா. நான் எங்கயும் வேல செஞ்சதில்ல."

"அம்மா!"

"சும்மா இருடி. வீட்டுல இருந்தவ நான்."

ஹசீனா பேகம் மேசை மேலிருந்த அவள் கைகளைப் பார்த்தார். "கையப் பாத்தா வீட்டுல இருந்த கை மாதிரி தெரியலையேம்மா."

"அடுப்புக் கரி," என்றாள் புஷ்பவள்ளி. கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. அனுபவம் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டார். திங்கட்கிழமை காலை ஆறரைக்கு, தொழிற்சாலையின் பின்வாசலுக்கு வரச் சொன்னார்.

படிக்கட்டில் இறங்கும்போது லோகேஸ்வரிக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "ஏம்மா அப்படிச் சொன்னீங்க? செடி வேலை கிடைச்சிருக்கும். ஏம்மா?"

"கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்ல."

"அது அந்தத் தோட்டத்தோட போச்சும்மா. இங்க யாரு வந்து பாக்கப்போறா?"

"பாப்பாங்க. எஸ்டேட்னு சொன்னாலே அங்க கேட்டு விசாரிப்பாங்க. அப்புறம் அஞ்சு மாசம் பொய் சொல்லி வீட்டுல இருந்தேன்னு வாடகையக் கேட்டு வருவாங்க. போலீசக் கூட்டிட்டு வருவாங்க." அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். "எதுல கையெழுத்துப் போட்டமோ அதுதான். நீ வா, பஸ்ஸு போயிரும்."